அடுப்படிக் கேள்விகள்: நம்மூர்ச் சாமானில் புதிதாகச் சமைக்க

படுவான்கரை நெல், குரக்கன், மரவள்ளி, வாவி இறால், வேலியோரத்து முருங்கை, முசுட்டை, சட்டித் தயிர் எல்லாம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கின்றன. இருந்தும் புதிதாக ஒன்று சமைக்க நினைத்தால் கை முதலில் கடைப் பக்கற்றைத்தான் தேடுகிறது. பக்கற் இல்லாமலே ருசியாகச் சமைக்க முடியும். அதற்கு ஒவ்வொரு சாமானும் நெருப்பிலும் தண்ணீரிலும் எப்படி மாறுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். கப் என்பது 250 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15, தேக்கரண்டி 5.

வழமையான கறியைப் புதிதாக்க வேண்டும் என்றால் எங்கே கை வைப்பது?

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இறால் முருங்கைக்காய்க் கறியில் பழப்புளியை எடுத்துவிட்டுப் பச்சை மாங்காய் போட்டுப் பாருங்கள். அரைக் கிலோ இறாலுக்கு நடுத்தர மாங்காயில் பாதி, தடித்த துண்டுகளாக. முருங்கைக்காய் முக்கால்வாசி வெந்த பிறகுதான் மாங்காய் போட வேண்டும். முன்னரே போட்டால் மாங்காய் கரைந்து கறி முழுக்கப் புளித்துவிடும், முருங்கைக்காயும் வேகாமல் விறைத்து நிற்கும். எந்தக் காயும் புளிப்பில் மெதுவாகத்தான் வேகும். இறாலைக் கடைசியாகப் போடுங்கள். மூன்று, நான்கு நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் றப்பராகிவிடும்.

புளியையும் தூளையும் பாலையும் ஒரே நாளில் மாற்றினால், கறி பிழைத்தாலும் சரிவந்தாலும் காரணம் பிடிபடாது.

தேங்காய்ப்பால் ஏன் திரைகிறது? சொதி தண்ணீர் வேறு பால் வேறாகப் பிரிகிறதே?

தேங்காய்ப்பாலில் எண்ணெயைத் தண்ணீரோடு பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். வெப்பம் 80 பாகை செல்சியஸை அண்டும்போது அந்தப் புரதம் இறுகத் தொடங்கும். கொதிக்கவிட்டால் முழுதும் இறுகி எண்ணெயைக் கைவிட்டுவிடும். புளி சேர்ந்தால் இன்னும் விரைவாகத் திரையும். ஆகவே பாலை எப்போது ஊற்றுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஒரு நடுத்தரத் தேங்காயைத் துருவி, ஒரு கப் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் கையால் நன்றாகப் பிசைந்து பிழிந்தால் முதற்பால். அதே பூவில் ஒன்றரைக் கப் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம்பால். பச்சைத் தண்ணீரில் கொழுப்பு முழுதும் இறங்காது. கொதிநீர் விட்டால் புரதம் பூவிலேயே இறுகிப் பால் மெலிந்துவிடும். கை பொறுக்கும் சூடே சரியான சூடு.

சொதிக்கு இரண்டாம்பாலில் வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி மஞ்சள், அரைத் தேக்கரண்டி இடித்த வெந்தயம், உப்பு எல்லாம் போட்டு நன்றாகக் கொதிக்கவிடலாம். அது மெல்லிய பால், கொஞ்சம் திரைந்தாலும் தெரியாது. மரக்கறியோ மீனோ வெந்த பிறகு நெருப்பைக் குறைத்து முதற்பாலை ஊற்றி, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் சிறு குமிழ் வந்தவுடன் இறக்குங்கள். தேசிக்காய்ப்புளி அடுப்பில் இருக்கும்போது விடக் கூடாது. இறக்கி, ஆவி அடங்கிய பிறகு விடுங்கள். மண்சட்டி இறக்கிய பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் சட்டியில் வைக்கிறவர்கள் கொஞ்சம் முந்தியே இறக்க வேண்டும்.

திரைந்த சொதியை வீச வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி வறுத்த அரிசிமாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி மெல்லிய சூட்டில் கிண்டினால் ஓரளவு சேர்ந்துவரும். புதுச் சொதியின் வழவழப்பு வராது, ஆனாலும் இடியப்பத்துக்கு ஊற்றச் சரிவரும்.

சிவப்பரிசிமாப் பிட்டு கல்லுப் போல வருகிறது. என்ன பிழை?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று: மாவைக் கூட வறுத்தது, தண்ணீர் காணாதது, குழலில் அமத்தி அடைத்தது.

பச்சையரிசியை மூன்று, நான்கு மணித்தியாலம் ஊறவைத்து வடித்து, ஈரம் இருக்கும்போதே இடித்து அரிதட்டில் அரித்து வறுக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து நிலத்தில் கோடு இழுத்தால் அறாமல் விழ வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கிவிடுங்கள். மணம் வந்து நிறம் மாறும் வரை வறுத்தால் மா தண்ணீரைப் பிடிக்க மறுக்கும்.

இரண்டு கப் வறுத்த மாவுக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ ஒரு கப் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இரண்டு, மூன்று நிமிடம் ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளறுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மாவின் வெளிப்புறம் உடனே வெந்து கட்டி பிடிக்கும், உள்ளே மா காய்ந்தே கிடக்கும். பிறகு பேணி விளிம்பால் கொத்துங்கள், பிசைய வேண்டாம். ஒரு பிடி எடுத்து அமத்தினால் சேர வேண்டும், பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும். இந்தப் பதம் கிடைத்த பிறகுதான் ஒரு கப் தேங்காய்ப்பூவைக் கலக்க வேண்டும். பூவில் ஈரம் உண்டு, முதலில் கலந்தால் தண்ணீரின் அளவு பிடிபடாது.

குழலை நிரப்பும்போது கையால் குத்தி இறக்கக் கூடாது. ஆவி போக வழி வேண்டும். மேலால் ஆவி வரத் தொடங்கி எட்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

புதிதாகச் செய்ய இதுதான் நல்ல இடம். இரண்டு கப் மாவுக்கு ஒரு கைப்பிடி முருங்கையிலை அல்லது அரைக் கப் துருவிய கரட், பூசணி சேர்க்கலாம். மரக்கறித் துருவல் சேர்க்கும் நாளில் தண்ணீரைக் கால் கப் குறையுங்கள். குழலில் தேங்காய்ப்பூ வைக்கும் இடத்தில் நன்றாக வற்றவிட்ட இறால் வறை வைத்தால் அந்தப் பிட்டுக்குக் கறியே தேவையில்லை. வறையில் குழம்பு நின்றால் அந்த இடத்தில் மா களியாகும், அதனால் வற்றும் வரை பொறுமையாகக் கிண்டுங்கள்.

குரக்கன் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. கறகறப்பும் கசப்பும் போக வழி?

கறகறப்பு மாவை அரிக்காததால் வருவது. கடை மாவென்றாலும் மெல்லிய துணியில் ஒருமுறை அரியுங்கள். கசப்பு பழைய மாவுக்கு வரும். குரக்கனை முழுதாக அரைப்பதால் தவிட்டிலுள்ள எண்ணெயும் மாவிலேயே இருக்கும், அது நாள்படக் காறும். ஒரு மாதத்துக்குள் முடிக்கக்கூடிய அளவு மட்டும் அரைப்பியுங்கள்.

முளைக்கட்டினால் ருசி முற்றாக மாறும், இலேசான இனிப்பு வரும். 12 மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வையுங்கள். வெள்ளை முனை எட்டிப் பார்த்தவுடன் வெயிலில் பரப்பிக் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து அரையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரே நாளில் காய்ந்துவிடும். மாரியில் இதைத் தொடங்க வேண்டாம், காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். முளைமாவில் கஞ்சி காய்ச்சினால் தண்ணீராக வரும். முளைக்கும்போது உண்டாகும் நொதியம் மாப்பொருளை உடைத்துவிடுவதால் அப்படி. வழமையை விட ஒன்றரை மடங்கு மா போடுங்கள்.

100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கிறது. அரிசியில் இது மிகக் குறைவு. ஊறவைப்பதாலும் முளைக்கட்டுவதாலும் அந்தக் கல்சியம் உடம்பில் சேர்வது கூடும்.

ரொட்டி வெடிக்கிறதென்றால், குரக்கனில் இழுவை இல்லை என்பதே காரணம். ஒரு கப் குரக்கன்மா, அரைக் கப் சிவப்பரிசிமா, அரைக் கப் தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துக் கொதிநீரில் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். கட்டையால் உருட்டாமல் வாழையிலையில் வைத்துக் கையால் தட்டி, இலையோடு தாச்சியில் போட்டு, ஓரம் காய்ந்ததும் இலையை உரியுங்கள். பிட்டில் வேறு விதி: இங்கே ஒட்டும் பசை வேண்டும் என்பதால்தான் கொதிநீர்.

அறுவடை முடிந்து வந்த புது அரிசி குழைகிறது. ஏன்?

புது நெல்லின் அரிசி தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், பசை கூட விடும். பெரும்போக நெல் அறுத்த கையோடு குற்றிய அரிசிக்கு வழமையை விட அரைக் கப் தண்ணீர் குறையுங்கள், அல்லது நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடியுங்கள். சில மாதம் வைத்த சிவப்பு நாட்டரிசிக்கு ஒரு கப்புக்கு இரண்டரை முதல் மூன்று கப். அரை மணித்தியாலம் ஊறவைத்தால் விறகு மிச்சம். வடித்த கஞ்சியில் உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் சேர்த்தால் அது ஒரு நேரக் குடிப்பு.

இலைக்கறி கறுக்காமல் கசக்காமல் இருக்க?

முருங்கையிலையை ஈர்க்கோடு கழுவி, நீர் வடிந்த பிறகு உருவுங்கள். உருவிய பின் கழுவினால் இலை ஒட்டிப் பிடித்துச் சட்டியில் அவிந்துவிடும். தாச்சியில் வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் வதங்கிய பின் இலையைப் போட்டு, மூடாமல், மூன்று நிமிடம் பிரட்டித் தேங்காய்ப்பூ போட்டு இறக்குங்கள். இலையிலிருந்து வரும் இயற்கைப் புளிப்பு ஆவியோடு போக வேண்டும். மூடினால் அது சட்டிக்குள்ளேயே நின்று பச்சை நிறத்தைக் கெடுத்துப் பழுப்பாக்கும். பொன்னாங்கண்ணி, கங்குனுக்கும் இதே முறை.

முசுட்டையிலையின் பின்புறம் பட்டுப்போல மயிர் இருக்கும். அதனால்தான் சிலருக்குத் தொண்டையில் அரிப்பது போல இருக்கிறது. இலைகளைச் சுருட்டி, நூலளவு மெல்லியதாக அரிந்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்படி அரிந்த முசுட்டையை ரொட்டி மாவில் பிசைந்து பாருங்கள், பலர் கைவிட்ட இலை அது, மணமே தனி.

வல்லாரைச் சம்பலில் உப்பும் தேசிக்காயும் பரிமாறும் நேரத்தில்தான். பதினைந்து நிமிடம் முந்தினாலே தண்ணீர் விட்டு நிறம் மங்கிவிடும்.

கட்டிச் சுவையூட்டி இல்லாமல் கறிக்கு ஆழமான ருசி எப்படிக் கிடைக்கும்?

நாம் குப்பையில் போடும் இறால் தலையில் கிடைக்கும். அரைக் கிலோ இறாலின் தலை, ஓட்டை நன்றாகக் கழுவி, கண்ணுக்கு முன்னுள்ள முள்ளை வெட்டிவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஓடு சிவந்து மணக்கும் வரை வறுங்கள். இந்த வறுவலில்தான் முழு ருசியும் இருக்கிறது, அவசரப்பட்டால் வெறும் மீன் தண்ணீர்தான் மிஞ்சும். மூன்று கப் தண்ணீர், நாலு பல் உள்ளி, பத்து மிளகு, ஒரு துண்டு இரம்பை சேர்த்து 20 நிமிடம் மெல்லிய நெருப்பில். இடையில் அகப்பையால் தலைகளை நசுக்குங்கள். வடித்தால் இரண்டு கப் செம்மஞ்சள் சாறு வரும். சொதிக்கு இரண்டாம்பாலுக்குப் பதிலாக இதை ஊற்றலாம், கீரிச் சம்பா சோறும் இதில் சமைக்கலாம். அரை மணித்தியாலத்துக்கு மேல் அவித்தால் ஓட்டின் கைப்பு இறங்கும்.

மரக்கறிச் சாப்பாட்டுக்கு, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவும் ஒரு மேசைக்கரண்டி அரிசியும் பொன்னிறமாக வறுத்து அம்மியில் அரைத்துக் கடைசியில் சேருங்கள். பலாக்காய், கத்தரிக்காய், பூசணி மூன்றுக்கும் இது பொருந்தும்.

கறித்தூள் வீட்டில் செய்ய அளவு?

மல்லி 200 கிராம், செத்தல் கொச்சிக்காய் 150, பெருஞ்சீரகம் 50, சின்னச்சீரகம் 30, மிளகு 30, வெந்தயம் 10, மஞ்சள் 15, இரண்டு பிடி கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுங்கள், ஏனென்றால் மல்லி பதமாகும் நேரத்தில் சீரகம் கருகிவிடும். வெந்தயம் பொன்னிறம் தாண்டினால் தூள் முழுக்கக் கைக்கும். மஞ்சளை வறுக்கத் தேவையில்லை. முற்றாக ஆறிய பிறகே போத்தலில் அடையுங்கள், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும்.

வாவி மீனில், குளத்து மீனில் சேற்று மணம் அடிக்கிறதே?

சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் படிந்திருக்கும். புளிப்பு அதை உடைக்கும். திலாப்பியா, விரால் போன்றவற்றைச் சாம்பலோ கல்லுப்போ தேய்த்து வழும்பு போகக் கழுவி, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுங்கள். அரைக் கிலோவுக்கு ஒரு தேசிக்காய், ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள் பூசிப் பதினைந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். அதற்கு மேல் வைத்தால் தசை வெளுத்து உதிரும். கறிக்குக் கொறுக்காய்ப்புளி நல்லது, இரண்டு சுளை போதும்.

மரவள்ளி அவிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? இஞ்சி சேர்த்தால் நஞ்சா?

நஞ்சு மரவள்ளியிலேயே இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் காயப்படும்போதும் அதிலிருந்து சயனைட் உருவாகும். ஐதரசன் சயனைட் 26 பாகை செல்சியஸிலேயே ஆவியாகக்கூடியது. அதனால்தான் சட்டியைத் திறந்து வைத்து அவிக்கச் சொல்லுகிறோம். மூடி அவித்தால் ஆவி திரும்ப நீராகச் சட்டிக்குள் விழும்.

தோலையும் உள்தோலையும் தடிப்பாகச் சீவுங்கள், நஞ்சு அதிகம் இருப்பது அங்கேதான். சிறு துண்டாக வெட்டி, அரை மணித்தியாலம் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, நிறையப் புதுத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அவித்த தண்ணீரையும் வடியுங்கள். நடுவில் உள்ள நாரை எடுத்துவிடுங்கள். நீலமாகவோ கறுப்பாகவோ கோடு ஓடிய கிழங்கும், வாயில் வைத்தால் கைக்கும் கிழங்கும் வேண்டாம். கிண்டிய அன்றே சமைப்பதுதான் பாதுகாப்பு.

இஞ்சியை விலக்கும் நம் வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் இஞ்சி சேர்க்கவில்லை என்பதற்காக மூடி அவித்த மரவள்ளி பாதுகாப்பாகிவிடாது. சாப்பிட்ட பின் தலைசுற்று, வாந்தி, மூச்சு முட்டல் வந்தால் கைமருந்து பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அவித்த மரவள்ளியைச் சூட்டோடு மசித்து, தேங்காய்ப்பூ, பச்சைக் கொச்சிக்காய், சின்ன வெங்காயம் சேர்த்து வடையளவு தட்டித் தாச்சியில் மெல்லிய எண்ணெயில் இருபுறமும் சிவக்கச் சுடலாம். ஆறிய பின் மசித்தால் கட்டி கட்டியாக நிற்கும்.

வீட்டில் எருமைத் தயிர் கடைத் தயிர் போல இறுகவில்லை.

எருமைப்பாலில் கொழுப்பு ஏழு, எட்டு வீதம், பசுப்பாலில் நாலு வீதமளவு. தண்ணீர் கலந்த பால் என்றால் எந்த வித்தையும் பலிக்காது. நல்ல பாலைக் கிண்டிக்கொண்டே பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, சுண்டுவிரல் வைத்துப் பத்து எண்ணும் வரை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 42 முதல் 45 பாகைக்கு ஆறவிடுங்கள். ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி நேற்றைய தயிரை அடித்துக் கலக்கி மண்சட்டியில் ஊற்றிவிட்டு அசைக்காமல் வையுங்கள். சூடு கூடினால் உறை செத்துவிடும். உறையைக் கூட விட்டால் இறுகும் முன்பே புளிக்கும். ஆறு, ஏழு மணித்தியாலத்தில் உறைந்துவிடும், மாரியில் இன்னும் இரண்டு மணித்தியாலம் பிந்தும். மண்சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால் தயிர் மேலும் இறுகும். புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பின்பே பாவியுங்கள்.

பனங்கட்டி, கித்துள் பாணி சீனியை விட நல்லதா?

மணமும் ருசியும் நல்லது. நீரிழிவு உள்ளவருக்கு அதுவும் சீனிதான், அளவோடுதான். பாலில் போடும்போது பாலை இறக்கி ஆறவிட்டுப் போடுங்கள், கொதிக்கும் பாலில் பனங்கட்டி திரைத்துவிடும்.

மரமுந்திரிகைப் பழத்தைச் சமைக்கலாமா? பச்சைக் கஜு உரிக்கக் கை வெந்துபோகிறதே?

பழத்தின் துவர்ப்பால் தொண்டை பிடிக்கும். துண்டாக்கி உப்புநீரில் அரை மணித்தியாலம் வைத்து, பத்து நிமிடம் ஆவியில் அவித்துப் பிழிந்தால் துவர்ப்புக் குறையும். பிறகு தேங்காய்ப்பால், மிளகு, கடுகு சேர்த்து அன்னாசிக் கறி வைப்பது போல வைக்கலாம்.

பச்சைக் கொட்டையின் கோதில் உள்ள பால் தோலைப் பொக்களமாக்கும். கைகளில் தேங்காயெண்ணெயைத் தாராளமாகப் பூசி, முடிந்தால் கையுறையும் போட்டு வெட்டுங்கள். கோது முழுதாக இருக்கும் கொட்டையை அடுக்களைக்குள் சுட வேண்டாம், புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்.

பழஞ்சோறு எத்தனை நேரம் வைக்கலாம்?

இரவுச் சோற்றைப் பரப்பி விரைவாக ஆறவிட்டு, சோறு முழுதும் மூழ்கக் கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி, மண்சட்டியில் எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம். சூடான சோற்றை அப்படியே மூடி வைப்பதுதான் ஆபத்து. சோற்றில் உயிர் தப்பும் கிருமிவித்துகள் அந்த வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. காலையில் இலேசான புளிப்பு மணம் வர வேண்டும். நூல் இழுத்தாலோ கெட்ட மணம் அடித்தாலோ கொட்டிவிடுங்கள். நல்லதென்றால் பிழிந்து எடுத்து, ஒரு ஆளுக்கு ஒரு கப் சோறு, மூன்று மேசைக்கரண்டி சட்டித் தயிர், நறுக்கிய சின்ன வெங்காயம் நாலு, ஒரு பச்சைக் கொச்சிக்காய், உப்பு சேர்த்துக் கையால் பிசையுங்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடும், முந்தின நாள் மீன் குழம்பும்.